பழைய எஞ்சினுக்குக் கெட்டி ஆயில்

காசிமேட்டில் என் முகத்தை மறந்தவர்கள் இருக்கலாம். என் வலது கையை மறந்தவர்கள் இல்லை. அந்த நாளில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் இந்தக் கை படாமல் ஒரு விசைப்படகு எஞ்சினும் ஓடியதில்லை. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன், ஆனால் பொய் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. துறைமுகத்துப் பக்கம் ஒரு பட்டறையில் எஞ்சின் துடைக்கப் போனேன். நாற்பது வயதில் அதே தெருவில், அதே பட்டறைக்கு நேர் எதிரில், லேத்து மிஷினோடு சொந்தப் பட்டறை வைத்தேன். டிப்ளமா படித்துவிட்டுக் கம்பெனியிலிருந்து வருகிறவர்கள் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். நான் ஒரு முழ நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவேன். எந்த சிலிண்டர் ஒழுங்காக அடிக்கிறது, எது சோம்பலாக அடிக்கிறது, எந்த வால்வு தட்டுகிறது, எல்லாம் அந்த இரும்பு வழியாக வந்து சொல்லும். அவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு, "மேஸ்திரி சொல்றதையே எழுதிக்கிறோம்" என்பார்கள்.

காதுக்கு அடுத்தது விரல். எஞ்சினுக்குள் ஓடிய பழைய ஆயிலில் ஒரு சொட்டைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தேய்த்து வெயிலில் காட்டுவேன். மினுக்கென்று பொடி தெரிந்தால் உள்ளே பேரிங் தேய்ந்து ஆயிலில் கலக்கிறது என்று அர்த்தம். வெள்ளையாக மினுங்கினால் மேல் பூச்சு போகிறது. செம்பு நிறத்தில் மினுங்கினால் அடிவரைக்கும் போய்விட்டது, உடனே பிரிக்க வேண்டும். பிரிக்காமலேயே உள்ளே நடப்பதை வெளியே இருந்து சொல்லிவிடலாம். இதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தேய்த்துத் தேய்த்து நானே கண்டது.

நான் சொல்லப்போவது நாற்பத்தைந்து நாள் மீன்பிடித் தடை வந்து சில வருஷங்களே ஆகியிருந்த காலம். தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் நிற்கும். வருஷம் முழுவதும் தள்ளிப்போட்ட எஞ்சின் வேலை அத்தனையும் அந்த நாற்பத்தைந்து நாளில் என் தலையில் விழும். எனக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. முதல் வேலையாக என் தோஸ்து ஒருவனின் படகை எடுத்தேன். இரண்டு படகுக்குச் சொந்தக்காரன், என் வயதுதான், சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே கட்டுமரத்தில் குதித்துக் குளித்தவர்கள். செங்கல் கனத்துக்கு ஒரு செல்போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சட்டை ஒரு பக்கம் தொங்க நடப்பான்.

"ஆயிலு போன மாசந்தான் மாத்தினேன், மாமு. எங்கம்மா மேல சத்தியம்" என்றான்.

நான் ஒரு சொட்டு எடுத்துத் தேய்த்தேன். முகர்ந்தேன்.

"உங்கம்மா பாவம்டா. செத்தும் நிம்மதி கெடையாது அந்தப் பொம்பளைக்கு. இது பொங்கலுக்கு முன்னாடி ஊத்துன ஆயிலு. கரி மாதிரி கீது பாரு."

"உங்கிட்ட வந்து பொய் சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று சிரித்தான். எஞ்சினை ஓட்டுகிறவன் பொய் சொல்லுவான். உள்ளே ஓடுகிற ஆயிலுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

அதோடு இன்னொன்றும் செய்திருந்தான். கடைக்காரன் பேச்சைக் கேட்டுப் புது ரக ஆயில் என்று மெல்லிசாக ஒன்றை டின் டின்னாக வாங்கி வைத்திருந்தான். நான் அத்தனையையும் திருப்பி அனுப்பினேன். ஓடி ஓடித் தேய்ந்த எஞ்சினுக்குள் இடைவெளி விழுந்திருக்கும். மெல்லிசு ஆயில் ஊற்றினால் அந்த இடைவெளியில் நழுவிப் போய்விடும், அழுத்தம் நிற்காது. பழைய எஞ்சினுக்குக் கெட்டி ஆயில். இது நான் முப்பது வருஷம் சோறு தின்ற விதி. இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

தடை வந்து இரண்டாவது வாரம். பட்டறையில் கீழே குனிந்து ஒரு பாகத்தைத் தூக்கி நிமிர்ந்தேன். மூச்சு பாதியில் நின்றது. நெஞ்சுக்குள் வலையிலிருந்து கொட்டிய மீன் பலகையில் துள்ளுகிற மாதிரி என்னவோ துள்ளியது. வலி என்று சொல்ல முடியாது. உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தேன். இரண்டு அடித்தது, நின்றது, மூன்று அவசரமாக அடித்தது, மறுபடி ஒன்று, பிறகு எங்கேயோ போய்விட்டு வந்தது.

எஞ்சின்காரனுக்குச் சந்தேகம் வந்தால் என்ன செய்வான்? வீட்டுக்குப் போனேன். கையோடு கொண்டு வந்த ஸ்க்ரூடிரைவரின் நுனியை நெஞ்சில் வைத்து, கழுத்தை வளைத்துக் கைப்பிடியில் காதை வைத்தேன். நான் கேட்காத எஞ்சினா? ஒரு சிலிண்டர் அடிக்காத எஞ்சின்கூட ஒரு கணக்கோடு நொண்டும். அடுத்த நொண்டல் எப்போது வரும் என்று சொல்லிவிடலாம். இதில் கணக்கே இல்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அந்த நேரம் பார்த்து என் மனைவி உள்ளே வந்தாள். மீன் சந்தையில் வியாபாரம் முடித்து, காலிக் கூடையும் அரிவாள்மனையுமாக.

"யோவ்! இன்னாயா பண்ணிகினு கீற? குத்திக்கப் போறியா?"

"கத்தாதமே. கேட்டுகினு கீறேன்."

"எத்தக் கேட்டுகினு கீற?"

"உள்ள ஆர்டர் தப்பி அடிக்குது."

அவள் கூடையை வைத்துவிட்டு ஈரக் கையை என் நெஞ்சில் வைத்தாள். மத்தி மீன் வாடை. கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். அவள் முகம் மாறியதை அன்றுதான் பார்த்தேன். புயலில் படகு திரும்பாத நாட்களில்கூட அவள் முகம் அப்படி மாறாது.

"ஆட்டோ கூப்புட்டுகினு வரேன். அந்தக் கம்பிய வெச்சிட்டு குந்து" என்றாள்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு நர்சிங் ஹோம். டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடி, மெதுவான பேச்சு. நெஞ்சில் வயரையெல்லாம் ஒட்டி ஒரு நீளக் காகிதத்தில் கோடு போட்டு எடுத்தார்கள். நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். எழுத்துதான் எனக்குக் கஷ்டம், கோடு கஷ்டமில்லை. முகடுக்கும் முகடுக்கும் நடுவில் ஒரு இடத்தில் ஒரு விரல் அகலம், அடுத்த இடத்தில் அரை விரல், அப்புறம் இரண்டு விரல்.

"டைமிங் சுத்தமா போயிருக்கு, டாக்டரம்மா" என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஐயா என்ன வேலை பார்க்கிறீங்க?"

சொன்னேன். கொஞ்சம் கூடவே சொன்னேன்.

பிறகு ரத்தம் எடுத்தார்கள். எதற்கு என்று கேட்டேன். இதயத் தசைக்கு அடிபட்டால் அதிலிருந்து ஒரு பொருள் உடைந்து ரத்தத்தில் கலக்கும், அது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கலாம் என்றார். ட்ரோபோனின் என்று ஒரு பெயரும் சொன்னார். அது என் வாயில் நுழைய ஒரு வாரம் ஆனது, விஷயம் உடனே நுழைந்தது.

"அது பேரிங் பொடி, டாக்டரம்மா. ஆனா ஒரு வாட்டி பார்த்தா பத்தாது. பழைய பொடியா, இப்ப தேஞ்சுகினு இருக்கிறதான்னு தெரியாது. கொஞ்ச நேரம் ஓட உட்டு மறுபடி பார்க்கணும்."

அவர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார். "ஆறு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை எடுக்கப்போறேன். நானே இப்பதான் சொல்ல வந்தேன்" என்றார். என் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன், கேட்டாளா என்று. அவள், "படுத்துகினே பீத்திக்கிற ஆள இங்கதான் பாக்குறேன்" என்றாள்.

அந்த ஆறு மணி நேரம் கட்டிலில் கிடந்தேன். எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. அவள் மட்டும் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தாள். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. இரண்டாவது முடிவும் வந்தது. முதல் தடவை கொஞ்சம் இருந்தது, இரண்டாவது தடவையும் அதே கொஞ்சம். ஏறவில்லை.

"புதுசா அட்டாக் எதுவும் இல்லை" என்றார் டாக்டரம்மா. "ரொம்ப நாளா பிரஷர் இருந்திருக்கு, நீங்க பார்த்துக்கலை. இதயம் சிரமப்பட்டுக்கிட்டே ஓடியிருக்கு. வயசானவங்களுக்கு இந்தத் துடிப்பு மாறுறதோட அந்தப் பொருளும் இப்படிக் கொஞ்சம் கசியறது உண்டு. கவனமா இருக்கணும்னு அர்த்தம், முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம் இல்லை."

என் மனைவி அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஆனால் டாக்டரம்மா நிறுத்தவில்லை. இதயத்துக்கு மேலே இரண்டு அறை இருக்கிறதாம். அது அழுத்திப் பிழிய வேண்டும். எனக்குப் பிழியாமல் வெறுமனே நடுங்குகிறது. அதனால் அங்கே ரத்தம் தேங்கிக் கட்டியாகலாம். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பேச்சு போகும், ஒரு பக்கம் கை கால் போகும்.

"எந்தக் கை?" என்று கேட்டேன்.

"எந்தப் பக்கம் வேணும்னாலும் ஆகலாம், ஐயா."

போர்வைக்குள் என் வலது கை தானாக மடங்கிக்கொண்டது. உயிர் போகும் என்று சொல்லியிருந்தால்கூட நான் அப்படிப் பயந்திருக்க மாட்டேன். உயிர் எல்லோருக்கும் இருக்கிறது. இந்தக் கை எனக்கு மட்டும்தான் இருக்கிறது.

இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, துடிப்பை நிதானப்படுத்த. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒன்று, ரத்தத்தை மெல்லிசாக்க. அதைத் தினம் தவறாமல் சாப்பிட வேண்டும், சில நாளில் வந்து ரத்தம் சரியான பதத்தில் இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

ரத்தத்தை மெல்லிசாக்க. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குள் இருந்த மேஸ்திரி எழுந்து உட்கார்ந்துவிட்டான். அறுபத்து மூன்று வருஷம் ஓடிய எஞ்சின். உள்ளே தேய்மானம் இருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டார். இதில் போய் மெல்லிசு ஆயிலா? டாக்டரம்மா நல்லவர், படித்தவர். ஆனால் டிப்ளமாக்காரர்களும் படித்தவர்கள்தானே. நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன்.

காலை மாத்திரையை ஒழுங்காக விழுங்கினேன். நிதானமாக ஓட வைப்பது எனக்கும் உடன்பாடு. சாயங்கால மாத்திரையை என் மனைவி முன்னால் பட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, கையை வாயருகே கொண்டு போய், ஒரு சொம்புத் தண்ணீரைக் கடகடவென்று குடிப்பேன். மாத்திரை சட்டைப் பைக்குப் போகும். மறுநாள் பட்டறையில் பழைய நட்டுகள் போட்டு வைத்த தகர டப்பாவில் சேரும். அவள் காலிப் பட்டையைப் பார்த்துத் திருப்தியாகப் போவாள். பரிசோதனைக்கு நாள் வந்தது. தடைக்காலத்து வேலை என்று தள்ளிப்போட்டேன். நெஞ்சில் துள்ளல் குறைந்திருந்தது, மூச்சு இரைக்கவில்லை. பார்த்தாயா, கெட்டி ஆயிலில்தான் எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வாரம் ஓடியது. தோஸ்தின் படகில் எஞ்சினைப் பிரித்து, தேய்ந்ததையெல்லாம் மாற்றி, மேல் மூடியைத் தூக்கி வைத்தாயிற்று. மூடியை இறுக்கிப் பிடிக்கும் நட்டுகளை முறுக்க வேண்டியதுதான் பாக்கி. அதில்தான் வேலை இருக்கிறது. குறுக்கு நெடுக்காக, ஒன்று மாற்றி ஒன்று, எல்லாம் ஒரே இறுக்கத்துக்கு வர வேண்டும். ஒன்றில் பிசகினால் நடுக்கடலில் புகைந்து நிற்கும். அந்த இறுக்கத்தை அளக்க ஒரு கருவி உண்டு. நான் கையிலேயே அளப்பேன்.

மூன்றாவது நட்டில் ஸ்பேனரை வைத்தேன். தட்டென்று ஒரு சத்தம். என்ன விழுந்தது என்று கீழே பார்த்தேன். என் ஸ்பேனர். நான் அதை விட்டதே எனக்குத் தெரியவில்லை. எடுக்கக் குனிந்தேன். கை வரவில்லை. தோளிலிருந்து யாருடைய கையோ தொங்குகிற மாதிரி தொங்கியது.

"இன்னா மாமு, காலங்காத்தால ஊத்திகினியா?" என்றான் தோஸ்து.

ஏதோ பதில் சொன்னேன். என் வாயிலிருந்து வந்தது எனக்கே புரியவில்லை, நாக்கு தடித்துப் போயிருந்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றது. என்னைப் பிடித்துப் படகுத் தட்டில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, கரையைப் பார்த்து என் மனைவி பெயரைச் சொல்லிக் கத்தினான். செல்போன் சட்டைப் பையிலேயே இருந்தது. அவனுக்கு அது நினைவுக்கே வரவில்லை. மீன் சந்தை துறையின் அந்தக் கோடியில், கரையில் நின்ற ஒருவன் அவளைத் தேடி ஓடினான்.

நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரலிடுக்கில் கிரீஸ் இருந்தது. என் கிரீஸ், என் தழும்பு, என் நகம், ஆனால் நான் சொல்வது அதற்குக் கேட்கவில்லை. மடங்கு என்று சொன்னேன். மடங்கவில்லை. வாழ்க்கையில் நான் யாரையும் கெஞ்சியதில்லை. அன்றைக்கு என் கையைக் கெஞ்சினேன்.

கால் மணி நேரம் இருக்கும். கரண்ட் போய் வருகிற மாதிரி விரல் நுனியில் ஊசி குத்தியது. சுண்டு விரல் அசைந்தது. பிறகு எல்லாம். நாக்கும் திரும்பியது.

முதலில் நான் சொன்னது, "அவ கிட்ட சொல்லாதடா."

"சொல்லாம? அதோ வரா பாரு" என்றான்.

கை முழுக்க மீன் செதிலோடு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, படகுக்குப் போட்ட பலகையில் ஓடி வந்துகொண்டிருந்தாள்.

மறுபடி அதே நர்சிங் ஹோம். தலையைப் படம் எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா சீட்டோடு வந்து என் கட்டிலருகே நின்றார்.

"கட்டி ஒண்ணு போய் அடைச்சு, நல்ல காலமா தானே கரைஞ்சிருக்கு. இது எச்சரிக்கை. அடுத்தது இப்படிக் கரையும்னு நான் சொல்ல முடியாது" என்றார். பிறகு சீட்டைப் பார்த்தார். "இந்தப் பரிசோதனையில உங்க எண் இரண்டுக்கும் மூணுக்கும் நடுவுல வந்திருக்கணும். ஒண்ணுன்னு இருக்கு. மாத்திரையே சாப்பிடாதவங்களுக்கு வர்ற எண் இது."

என் மனைவி எழுந்துவிட்டாள். "இன்னாமா இப்டி சொல்ற? என் கண்ணு எதிர்லதான் டெய்லி முழுங்குது. பட்டைய நான் எண்ணிகினு கீறேன். உன் மிஷினு தப்பா காட்டுது, வேற மிஷின்ல பாரு!"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். எத்தனை பேரை நான் அப்படிப் பார்த்திருக்கிறேன், விரலில் ஆயிலைத் தேய்த்தபடி. இப்போது தேய்த்துப் பார்த்தது அவர், மாட்டிக்கொண்டது நான். எனக்காக என் மனைவி சண்டை போட்டுக்கொண்டு நின்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"மிஷினு கரெக்டா கீது. குந்துமே" என்றேன். "நான் முழுங்கல."

பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய எஞ்சின், தேய்மானம், இடைவெளி, கெட்டி ஆயில். சொல்லச் சொல்ல எனக்கே தைரியம் வந்துவிட்டது. "நீங்களே சொல்லுங்க டாக்டரம்மா, அறுபத்து மூணு வருஷம் ஓடுன எஞ்சின்ல மெல்லிசு ஆயிலு ஊத்துனா தாங்குமா?"

டாக்டரம்மா வாயைத் திறந்தார். அதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"யோவ், நான் ஒண்ணு கேக்குறேன், சொல்லு. நான் மீன் அறுக்குறேன். ரத்தம் பலகை மேல நின்னா இன்னா ஆவுது?"

"இன்னா ஆவுது?"

"என்னைக் கேக்குற? நாப்பது வருசமா பாத்துகினு கீற! கொஞ்ச நேரத்துல ஈரல் மாதிரி கட்டிகினு பூடுது. கத்தில சுரண்டித்தான் எடுக்கணும். அதே தண்ணி ஊத்திகினே அறுத்தா? ஓடுறது கட்டுதா?"

நான் கட்டில் கம்பியைப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"உன் நெஞ்சுக்குள்ள ரத்தம் நிக்குதுன்னு இந்தம்மா அன்னிக்கே சொல்லிச்சி. நின்னா கட்டும். கட்டாம இருக்கத்தான் மாத்திர. இதுக்கு எஞ்சினு இன்னாத்துக்கு நடுவுல? ரத்தத்தப் பத்தி உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

"அம்மா சொன்னதுதான்" என்றார் டாக்டரம்மா. "இதைவிட நல்லா என்னால சொல்ல முடியாது."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. தடைக்காலத்தில் ஒவ்வொரு படகுக்காரனிடமும் நான் தலையில் அடித்துக்கொண்டு சொல்வது ஒன்று உண்டு. எஞ்சினை நாற்பத்தைந்து நாளும் சும்மா நிறுத்தாதே, நாலு நாளைக்கு ஒரு தடவை ஓட விடு, இல்லாவிட்டால் ஆயில் அடியில் தேங்கிக் கசடு கட்டும், கிளப்புகிற அன்றைக்கு அது போய்க் குழாயை அடைக்கும் என்று. அதைச் சொன்ன வாய் இது. பழைய எஞ்சினுக்குக் கெட்டி ஆயில்தான். இன்றைக்கும் அதில் மாற்றமில்லை, யார் வேண்டுமானாலும் வந்து கேட்கட்டும். ஆனால் என் நெஞ்சில் ஒரு மூலை தடைக்காலத்துப் படகு மாதிரி நின்றுபோயிருந்தது. அந்த மூலைக்கு நான் தப்பான விதியைப் போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பட்டறையிலிருந்து தகர டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி, அவள் முன்னால் கவிழ்த்தேன். நட்டுகளுக்கு நடுவே பதிமூன்று மாத்திரை, கிரீஸ் அப்பிக்கொண்டு. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குப்பையில் போட்டாள். பிறகு என் வலது கையைப் பிடித்து, விரல் ஒவ்வொன்றையும் மடக்கி மடக்கிப் பார்த்தாள், வாங்கப்போகிற மீனின் செவுளைப் பார்க்கிற மாதிரி.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு நான் வாயைத் திறக்க வேண்டும். "ஆ காட்டு" என்பாள். நாக்கைத் தூக்க வேண்டும். கன்னத்தைக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் காப்பி. கீரையைத் திடீரென்று கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது, மாத்திரையின் வேலை மாறும் என்று டாக்டரம்மா சொன்னதால், வாரத்தில் இரண்டு நாள், ஒரே கரண்டி அளவு. சமையலில் அவள் எதையும் அளந்து நான் பார்த்ததில்லை. கீரையை மட்டும் அளந்தாள். அடிபட்டால் ரத்தம் சீக்கிரம் நிற்காது என்பதால் கையுறை போடச் சொன்னார்கள். என் வாழ்க்கையில் கையுறை போட்டு ஸ்பேனர் பிடித்ததில்லை. போட்டுக்கொண்டேன்.

தோஸ்து வீட்டுக்கு வந்து திண்டில் சாய்ந்துகொண்டு, "மாமு, உன் ஆயில இன்னைக்கு நான் தேச்சுப் பாக்கட்டா?" என்று ஒரு நாள் விடாமல் கேட்டான். ஆனால் அவன் செய்த காரியத்தையும் சொல்ல வேண்டும். நான் பாதியில் விட்ட நட்டுகளை வேறு மேஸ்திரியைக் கூப்பிட்டு முறுக்கியிருக்கலாம். எதிர்ப் பட்டறைக்காரன் ஓடி வந்திருப்பான். இவன் எஞ்சின் மேல் சாக்குப் போட்டு மூடி வைத்துவிட்டான்.

"தடை முடிய இன்னும் ரெண்டு வாரங்கூட இல்லடா. ஆள வெச்சு முடி" என்றேன்.

"உன் கை வந்தா முறுக்கு. வரலியா, லாஞ்சு கரையிலேயே கெடக்கட்டும். அதுக்கு இன்னா இப்ப?"

அதற்குப் பிறகு அவனிடம் ஆயில் விஷயத்தில் நான் கொஞ்சம் கருணை காட்டியிருக்கிறேன்.

ரத்தப் பரிசோதனைக்கு நாள் தவறாமல் போனேன். முதல் தடவை ஒன்றரைக்குப் பக்கத்தில் இருந்தது. அடுத்தது இரண்டைத் தொடவில்லை. டாக்டரம்மா மாத்திரையைக் கால்வாசி கூட்டினார். மூன்றாவது தடவை சீட்டை என்னிடமே கொடுத்தார். எண் எனக்குப் படிக்கத் தெரியும். இரண்டு, புள்ளி, நான்கு.

"இரண்டுக்கும் மூணுக்கும் நடுவுல எங்க நிக்கணுமோ அங்க நிக்குது" என்றார்.

"காசிமேட்டுல வேற எவனுக்காவது இந்த மாதிரி கீதா?" என்று என் மனைவியிடம் கேட்டேன்.

"எவனுக்குமே இந்தச் சீக்கு இல்லியா, அதான்" என்றாள். ஆனால் சீட்டை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்றைக்குச் சந்தையில் அதை நாலு பேரிடம் காட்டினாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நட்டு முறுக்கலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். கனம் தூக்கக் கூடாது, மூச்சு வாங்கினால் நிறுத்த வேண்டும், கையுறை கழற்றக் கூடாது, இதற்கெல்லாம் சம்மதித்தால் முறுக்கலாம் என்றார். எல்லாவற்றுக்கும் சம்மதித்தேன். இந்தத் தடவை தலையாட்டியதோடு நிற்கவில்லை.

தடை முடிவதற்கு முந்தின நாள் சாக்கைத் தூக்கினோம். மூன்றாவது நட்டிலிருந்து ஆரம்பித்தேன். ஸ்பேனரை வைத்து வலது கையால் இழுத்தேன். கையுறைக்குள்ளிருந்தும் இறுக்கம் தெரிந்தது, எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே கை தானாக நின்றது. குறுக்கு நெடுக்காக, நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து, கடைசி நட்டு வரைக்கும் நானே முறுக்கினேன். தோஸ்து பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டிலோடு நின்றான், ஒரு கிண்டலும் இல்லாமல். அவன் அப்படி நின்றது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

மாலையில் வெள்ளோட்டம். எஞ்சினைக் கிளப்பியதும் முதல் சுற்றிலேயே பிடித்தது. மீன்பிடித் துறைமுகத்தின் வாயைத் தாண்டி, கரை தெரிகிற தூரம் வரை போனோம். வடக்கே எண்ணூர்ப் புகைபோக்கிகள் வெயிலில் நின்றன. ஸ்க்ரூடிரைவரை எஞ்சின் மேல் வைத்துக் கேட்டேன். சிலிண்டர் சிலிண்டராக, வரிசை தப்பாமல், ஒரே சீராக அடித்தது. அப்படியே இடது கை விரலை வலது மணிக்கட்டில் வைத்தேன். அங்கே வரிசை இல்லை. இன்றைக்கு வரைக்கும் இல்லை, இனி வராது என்றும் சொல்லிவிட்டார்கள். ஆனால் அவசரம் போயிருந்தது. ஒன்று, கொஞ்சம் தள்ளி ஒன்று, பிறகு இரண்டு, நிதானமாகத் தன் போக்கில் நடந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரம் ஓட்டி, ஆயிலைத் தொட்டு விரலில் தேய்த்து வெயிலில் காட்டினேன்.

"இன்னா சொல்லுது?" என்றான் தோஸ்து.

"பொடி இல்ல. போலாம்."

படகு திரும்பித் துறைக்குள் நுழையும்போது கரையில் நல்ல கூட்டம். மறுநாள் கடலுக்குப் போகிற படகுகளில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், வலைகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். காசிமேட்டில் எனக்குத் தெரிந்த அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். நான் முன்பக்கம் நின்று வலது கையைத் தூக்கிக் காட்டினேன். விசிலடித்தார்கள். எதிர்ப் பட்டறைக்காரனும் அடித்தான், பார்த்தேன்.

கூட்டத்துக்கு முன்னால் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் தண்ணீர்ப் பாட்டில், இன்னொரு கையில் மாத்திரைப் பட்டை. படகு கரையைத் தொடக்கூட இல்லை.

"மணி ஆறு ஆவுது! வா, வந்து முழுங்கு!"

"வூட்ல வந்து முழுங்குறேன்மே."

"வூட்டு கதைய நான் பாத்துட்டேன். இங்கேயே முழுங்கு. எல்லாரும் பாக்கட்டும்."

தோஸ்து சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைக் கைத்தாங்கலாகப் பலகையில் இறக்கிவிட்டான். கையுறையைக் கழற்றினேன். மாத்திரையை வலது கையில் வாங்கினேன், வாயில் போட்டேன், தண்ணீர் குடித்தேன்.

"ஆ காட்டு" என்றாள்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் என்னை எதிர்த்துப் பேச ஆளில்லை. அத்தனை பேருக்கு நடுவில் நின்று, வாயை நன்றாகத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினேன்.